அமெரிக்கக் கவுண்டி ஜெயிலில் நம்மவர் இருக்கிறாரா: கைதுப் பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கரூரிலிருந்து ஓர் அம்மா அழைத்தபோது இங்கே டெக்சாஸில் நள்ளிரவு 12:30. அவருக்குக் காலை 11 மணி. "தம்பி, பையன் போன் வெள்ளிக்கிழமை ராத்திரியில இருந்து ஸ்விட்ச் ஆஃப். கூட இருக்கிற பசங்க, போலீஸ் புடிச்சிட்டுப் போயிருச்சுங்கிறாங்க. எந்த ஸ்டேஷன்னு யாருக்கும் தெரியல." அழவில்லை. அழுது முடித்த குரல் அது.

கவுண்டி ஜெயிலின் தேடல் பக்கத்தைத் திறந்து, அவர் சொன்ன பெயரைப் போட்டேன். பதிவு இல்லை என்று வந்தது. எழுத்துகளை மாற்றிப் போட்டேன், அப்போதும் இல்லை. 40 நிமிடம் கழித்துத்தான் பையன் கிடைத்தான். அவன் முதலிலிருந்தே அதே ஜெயிலில், அதே பட்டியலில் இருந்தான். எனக்குத்தான் எந்தப் பெயரில் தேடுவது என்று தெரியவில்லை.

அந்த 40 நிமிடமும் அந்த அம்மா போனை வைக்கவே இல்லை. இன்னொரு குடும்பம் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: "பதிவு இல்லை" என்று திரை சொன்னால், நீங்கள் கேட்ட பெயரில், கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் இல்லை என்பது மட்டுமே உறுதி. பெயரோ இடமோ நேரமோ தவறாக இருக்கலாம். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

ஜெயில் வேறு, பிரிசன் வேறு

தமிழில் இரண்டையும் சிறை என்றே சொல்கிறோம். அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி நிர்வாகம். இப்போதுதான் கைதானவர்கள், விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், சிறு குற்றத்துக்குக் குறுகிய தண்டனை பெற்றவர்கள் ஆகியோர் இருப்பது ஜெயில். பெரும்பாலும் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் அதை நடத்துகிறார். அவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். பெரிய குற்றத்தில் நீண்ட தண்டனை பெற்றவர்கள் போவது மாநில அரசின் பிரிசனுக்கு. நேற்று கைதானவரை மாநிலச் சிறைத்துறையின் தளத்தில் தேடுவது வீண் வேலை. பதற்றத்தில் பலரும் முதலில் அங்கேதான் போகிறார்கள்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல ஒன்று. நாடு முழுக்க 3,100-க்கும் மேல் உண்டு. பெரும்பாலானவற்றுக்குத் தனி ஜெயில், தனித் தளம், தனி விதிமுறை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடித் தரும் அரசுத் தளம் கிடையாது. அப்படித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தளங்கள் தனியார் கடைகள்.

முதல் படி: எந்தக் கவுண்டி?

கைதானவரின் வீடு எங்கே என்பது இதில் முக்கியமில்லை. கைது நடந்த இடம் எந்தக் கவுண்டியில் வருகிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். டாலஸ் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. ஒரே நெடுஞ்சாலையில் சில மைல் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தால் ஜெயிலே மாறிவிடும். ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டி என்றாலும் ஓரங்கள் ஃபோர்ட் பெண்டிலும் மான்ட்கோமரியிலும் வருகின்றன. கலிஃபோர்னியாவில் சன்னிவேல், சான் ஹோசே என்றால் சான்டா கிளாரா கவுண்டி. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு எதிர்ப்பக்கம் ஃப்ரீமான்ட் என்றால் அலமீடா கவுண்டி, அதன் ஜெயில் டப்ளின் ஊரில் உள்ள சான்டா ரீட்டா. நியூஜெர்சியின் எடிசன் மிடில்செக்ஸ் கவுண்டியில் வருகிறது.

கூட இருந்தவர்களிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்தச் சாலையில் நடந்தது, எத்தனை மணிக்கு, வந்த போலீஸ் காரில் என்ன எழுதியிருந்தது. நகரப் போலீஸ், ஷெரிஃப், மாநில ரோந்துப் போலீஸ், பல்கலைக்கழகப் போலீஸ் என யாரும் கைது செய்யலாம். யார் பிடித்தாலும் கடைசியில் பெரும்பாலும் கவுண்டி ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆனால் சில நகரங்களுக்குச் சொந்தமாகச் சின்ன லாக்கப் உண்டு. ஒருநாள் அங்கே வைத்துவிட்டுப் பிறகு கவுண்டிக்கு மாற்றுவார்கள். அதனால் கவுண்டிப் பட்டியலில் இல்லையென்றால் அந்த நகரப் போலீஸுக்குப் போன் செய்யுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. லூயிசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய் மாநிலங்களில் ஜெயிலும் பிரிசனும் மாநில அரசின் கையிலேயே இருப்பதால் அங்கே மாநிலச் சிறைத்துறைத் தளம்தான் வழி. செயின்ட் லூயிஸ் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுண்டியும் வெவ்வேறு நிர்வாகங்கள். நியூயார்க் நகரத்தில் ஜெயில் ஷெரிஃபிடம் இல்லை, நகரத்தின் சிறைத்துறையிடம் இருக்கிறது. நீதிபதி முன் நிறுத்தும்வரை கைதானவர் போலீஸ் காவலில்தான் இருப்பார், அதுவரை சிறைத்துறைத் தேடலில் பெயர் வராது.

இரண்டாம் படி: புக்கிங் முடியும்வரை பொறுங்கள்

ஜெயிலுக்குள் கொண்டுபோனதும் ஆளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலைக்குப் புக்கிங் என்று பெயர். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை குறிப்பார்கள். முகத்தைப் படமெடுப்பார்கள், பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். போன், பர்ஸ், பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும் கணக்கெழுதிப் பையில் போட்டு முத்திரை வைப்பார்கள். நர்ஸ் உடல்நிலையைக் கேட்பார். வேறு வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போன் ஸ்விட்ச் ஆஃப் என்று வருவதற்குக் காரணம் அநேகமாக அந்தப் பைதான்.

இதற்கெல்லாம் சில மணி நேரம் ஆகும். பெரிய கவுண்டியில், வார இறுதி ராத்திரியில், இன்னும் கூடும். அதுவரை இணையத்தில் பெயர் வராது. முதல் தேடலில் வரவில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தேடுங்கள், அல்லது போன் செய்யுங்கள்.

விரல் ரேகை அந்த ஜெயிலோடு நிற்பதில்லை. மாநிலத்துக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகிறது, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடுகிறது. விசாவில் இருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பெயர்

நாம் தடுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்கத் தேடல் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கடைசிப் பெயர், முதல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து ஏதாவதொரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒருவரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், அவருடைய தம்பியின் பாஸ்போர்ட்டில் முதல் பெயரோடு ஒட்டிக்கொண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் மொத்தப் பெயரும் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம் வரை அது தொடர்வதுண்டு. ஜெயில் அலுவலர் உரிமத்தைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்கிறார்.

அந்த ராத்திரி எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது பாஸ்போர்ட் ஜெராக்ஸ்தான். "பாஸ்போர்ட்டுல எப்படிம்மா இருக்கு? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. எழுத்தெழுத்தாக வாசித்தார். மேல் கட்டம் காலி. கீழ்க் கட்டத்தில் பையன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருந்தன. அதை அப்படியே கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தைப் போட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. வயதும் பிறந்த ஆண்டும் பொருந்தின.

எனவே இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி. பிறகு பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பிறகு இரண்டு கட்டங்களையும் இடம் மாற்றி. பிறகு முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. போட்டு. அதிலும் வரவில்லை என்றால் கடைசிப் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள், பல தளங்கள் பாதிப் பெயருக்கும் விடை தரும். 'செந்தில்' என்ற பெயரின் 'தி'யை ஒருவர் டி போட்டு எழுதுவார், இன்னொருவர் டி-யும் ஹெச்-சும் போடுவார். 'மூர்த்தி'யில் இரண்டு ஓ வரலாம், ஒரு யூ வரலாம். 'ழ' வரும் பெயருக்கு இசட், எல் இரண்டையும் முயலுங்கள். நீளமான பெயர் நடுவில் உடைந்து, பின்பாதி நடுப்பெயராகப் போயிருக்கவும் கூடும்.

பிறந்த தேதியிலும் இரண்டு பொறி. அமெரிக்காவில் மாதம் முதலில், தேதி பிறகு. ஆகஸ்ட் 5 என்பதை 08/05 என்று போட வேண்டும். அடுத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுத்த தேதிதான் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும். வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் தேதியைப் போட்டால் கிடைக்காது.

தேடும் தளம் ஷெரிஃப் அலுவலகத்தின் சொந்தத் தளமாக இருக்க வேண்டும். முகவரி அரசுத் தளங்களுக்குரிய டாட் கவ் என்று முடிந்தால் நல்லது. கவுண்டிப் பெயரோடு ஷெரிஃப், இன்மேட் சர்ச், ஜெயில் ரோஸ்டர் என்ற சொற்களைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். விளம்பரம் என்று குறியிட்ட முடிவுகளைத் தாண்டிப் போங்கள். அரசுத் தளத்தில் தேடப் பணம் கட்டத் தேவையில்லை.

நான்காம் படி: போன் செய்யுங்கள்

கூச்சப்படாதீர்கள். ஜெயிலுக்கு இந்த அழைப்பு நாள் முழுக்க வரும் அழைப்பு. மரியாதையாக, சுருக்கமாகப் பேசுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், பிறந்த தேதியைக் கொடுங்கள். கேட்க வேண்டியவை: ஆள் அங்கே இருக்கிறாரா, புக்கிங் எண் என்ன, என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை நிர்ணயித்தாகிவிட்டதா, அடுத்து எந்தக் கோர்ட்டில் எப்போது ஆஜர், விடாமல் வைத்திருக்கச் சொல்லும் வேறு துறையின் ஹோல்ட் ஏதும் இருக்கிறதா. நீரிழிவு, வலிப்பு போன்ற நோய்க்குத் தினமும் மருந்து சாப்பிடுபவர் என்றால் அதை அப்போதே சொல்லி, மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

என்ன நடந்தது என்ற கதையைச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவர் உங்களை அழைத்தாலும் அப்படித்தான். ஜெயில் போன்களைப் பதிவு செய்கிறார்கள், தமிழில் பேசினாலும் மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார். "சாப்பிட்டியா, வக்கீல் பாக்கறோம், யாருகிட்டயும் கேஸைப் பத்திப் பேசாத" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பதிவை வாசிப்பது

பதிவு கிடைத்ததும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதலையானதும் பல கவுண்டிகளில் அந்தப் பக்கம் மறைந்துவிடும்.

அதில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும், குழம்ப வேண்டாம். புக்கிங் எண் இந்தக் கைதுக்கு மட்டும் உரியது. ஆளுக்கான நிரந்தர எண் வேறு: ஹாரிஸ் கவுண்டியில் அதை எஸ்.பி.என். என்பார்கள், சான்டா கிளாராவில் பி.எஃப்.என். வழக்கு எண் கோர்ட்டுக்கு உரியது, அது ஏற ஓரிரு நாள் ஆகலாம். ஜாமீன் கட்ட முதல் இரண்டு எண்கள் போதும். வக்கீலுக்கு மூன்றும் வேண்டும்.

குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் எம் என்று தொடங்கினால் சிறு குற்றம், எஃப் என்றால் பெருங்குற்றம். டெக்சாஸில் சிறு குற்றம் மூன்று வகை: சி வகைக்கு அபராதம் மட்டும், அதிகபட்சம் 500 டாலர். பி வகைக்கு 180 நாள் வரை ஜெயில். ஏ வகைக்கு ஓராண்டு வரை. அந்தப் பையனுக்கு இருந்தது முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, பி வகை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொலைக் கேஸ் இல்லையே என்று ஒரு பெருமூச்சு விட்டார். ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது போலீஸ் வைத்த குற்றச்சாட்டு. அரசு வக்கீல் நாளைக்கே அதை மாற்றலாம், குறைக்கலாம், கைவிடவும் செய்யலாம். கைதுப் பதிவு தீர்ப்பு ஆகாது.

ஜாமீன் கட்டத்தில் தொகை இல்லை என்றால் பயப்படாதீர்கள், நீதிபதி இன்னும் பார்க்கவில்லை என்பதாக இருக்கலாம். டெக்சாஸ் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வாரண்ட் இல்லாமல் பிடித்தவர் மீது போதிய காரணம் இருக்கிறதா என்பதை 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை பார்த்துவிட வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனே கிடையாது.

'டீடெய்னர்' அல்லது 'ஐஸ் ஹோல்ட்' என்று ஏதாவது இருந்தால் (ஐஸ் என்பது குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய அரசுத் துறை) பணம் கட்டும் முன் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். ஜாமீன் கிடைத்த பிறகும் குடியேற்றத் துறை வந்து எடுத்துக்கொள்ள வசதியாக 48 மணி நேரம் வரை கூடுதலாக வைத்திருக்கச் சொல்லும் கோரிக்கை அது.

எங்கேயும் கிடைக்கவில்லை என்றால்

பக்கத்துக் கவுண்டிகளைப் பாருங்கள். ஏற்கனவே விடுதலையாகி, போன் சார்ஜ் இல்லாமல் தெருவில் நிற்கலாம். காயம் பட்டு ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருக்கலாம். வயது குறைந்தவர் என்றால் சிறார் பதிவு பொதுவில் வராது. டெக்சாஸில் 17 வயது முடிந்தாலே பெரியவர் கணக்கு.

கைதி எங்கே இருக்கிறார் என்று சொல்லும் வைன் (VINE) என்றொரு இலவச சேவை உண்டு. கென்டக்கியின் லூயிவில் நகரில் 1993 டிசம்பரில் மேரி பைரன் என்ற பெண்ணை, ஜாமீனில் வந்த முன்னாள் காதலன் கொன்றான். அவன் வெளியே வந்ததையே அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் துயரத்திலிருந்து 1994-ல் பிறந்தது இந்தச் சேவை. இன்று பெரும்பாலான மாநிலங்களில் பல கவுண்டிகளை இதில் சேர்த்துத் தேடலாம். ஆளை இடம் மாற்றினாலோ விடுதலை செய்தாலோ தகவல் அனுப்பும்படி பதிந்தும் வைக்கலாம்.

குடியேற்றத் துறை பிடித்திருந்தால் கவுண்டித் தளத்தில் வராமல் போகலாம். ஐஸ் துறையின் தேடல் பக்கத்தில் ஏலியன் எண்ணும் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) பிறந்த நாடும் போதும். எண் தெரியாவிட்டால் பெயரும் பிறந்த நாடும் கேட்கும், பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பாதிப் பெயரெல்லாம் இங்கே செல்லாது. மத்திய அரசு வழக்கு என்றால் மத்தியச் சிறைத்துறைத் தளத்தில் 1982 முதலான கைதிகளைத் தேடலாம். ஆனால் விசாரணைக் காலத்தில் அவர்களைப் பல நேரம் வேறு ஜெயிலில் வைத்திருப்பார்கள். அப்போது பேசர் என்ற மத்திய நீதிமன்றத் தளத்தில் வழக்கைத் தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலர் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை.

வெளிநாட்டுக் குடிமகன் என்றால்

1963-ன் வியன்னா தூதரக உடன்படிக்கை, 36-ஆம் பிரிவு: கைதான வெளிநாட்டவரிடம், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கலாம் என்று சொல்ல வேண்டும். இந்தியரைப் பொறுத்தவரை அவரே கேட்டால்தான் தெரிவிப்பார்கள். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் விஷயத்தில் கேட்காவிட்டாலும் தெரிவித்தே ஆக வேண்டும். எனவே இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் கேட்டாரா என்பதை வக்கீல் மூலம் உறுதி செய்யுங்கள். குடும்பமும் நேரடியாகத் துணைத் தூதரகத்துக்கு எழுதலாம், புக்கிங் எண்ணோடு.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் ஜெயில் தண்டனை வரக்கூடிய வழக்கில் கோர்ட்டிடம் அரசுச் செலவில் வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. குடியுரிமை இல்லாதவருக்கும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்பதை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீக்கிரம் முடியட்டும் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். விரல் ரேகை மத்திய அரசு வரை போகிறது என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்: குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் கைதானாலே, தீர்ப்பு வருமுன் விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. அடுத்த முறை விசா படிவத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வியும் நிற்கும். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் 'ஆம்' என்றே எழுத வேண்டும்.

ஏமாற்றுக்காரர்கள்

ஜெயில் பட்டியல் பொதுவில் இருப்பதால் மோசடிக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, கிஃப்ட் கார்டோ பிட்காயினோ அனுப்பினால் இப்போதே விடுகிறோம் என்பார்கள். எந்த ஜெயிலும் அப்படிக் கேட்காது. போனை வைத்துவிட்டு, அரசுத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உங்களுக்காக ஜாமீன் பொறுப்பேற்கும் தனியார் ஏஜென்ட் வழக்கமாக ஜாமீன் தொகையில் 10 சதவீதம் வாங்குவார், அது திரும்ப வராது. தொகை முழுவதையும் நீங்களே கவுண்டியில் கட்டினால், எல்லாத் தேதிகளிலும் ஆஜரானபின் கட்டணம் போக மீதி திரும்பும்.

முகப் படத்தை வெளியிட்டு, எடுக்கப் பணம் கேட்கும் தளங்களும் உண்டு. டெக்சாஸ், ஜார்ஜியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இதைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. நம் பக்கத்திலிருந்தும் ஒரு கடமை உண்டு. அந்தப் பதிவை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். உதவி கேட்கத்தான் போடுகிறோம் என்றாலும் வேண்டாம். நாளைக்கே வழக்கு தள்ளுபடியானாலும் அந்தப் படம் ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். உதவிக்கு ஒருவரைத் தனியாக அழையுங்கள்.

பழைய பதிவும் கோர்ட் நகலும்

ஆண்டுகள் கழித்து, கிரீன் கார்டுக்கோ வேலைக்கோ பதிவு வேண்டும் என்று வருபவர்கள் நிறைய. ஜெயில் தளத்தில் அது இருக்காது. கைது செய்த துறைக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டத்தில், கைதானவர் பற்றிய அடிப்படைத் தகவலைப் போலீஸ் மறைக்க முடியாது. மற்றவற்றைத் தர மறுக்க நினைத்தால் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் கைதானவர் பெயர், கைதான நேரம், இடம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவை பொதுத் தகவல்தான். தன்னைப் பற்றிய நாடளாவிய பதிவை எஃப்.பி.ஐ.யிடம் விரல் ரேகை அனுப்பி 18 டாலருக்குப் பெறலாம்.

அதைவிட முக்கியம் கோர்ட் காகிதம். வழக்கு எப்படி முடிந்தது என்று கிளார்க் முத்திரையிட்டுத் தரும் சான்றிட்ட நகலைத்தான் குடியேற்றத் துறை கேட்கும். டெக்சாஸில் பொதுவாகச் சிறு குற்றத்துக்குக் கவுண்டி கிளார்க், பெருங்குற்றத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க். ஹாரிஸ் கவுண்டியில் இரண்டையும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கே பார்க்கிறார். வழக்கு தள்ளுபடியானவர்கள் பலர் உடனே பதிவை அழிக்க மனுப் போடுகிறார்கள், போட வேண்டியதுதான். ஆனால் அழிக்க உத்தரவானபின் கிளார்க்கிடம் போனால் தர ஒன்றும் இருக்காது. குடியேற்ற அதிகாரியோ பத்து வருடம் கழித்தும் அந்தக் காகிதத்தைக் கேட்பார்.

கரூர்ப் பையன் விஷயத்தில் அதைத்தான் முதலில் செய்தோம். மனுவில் கையெழுத்துப் போடும் முன் சான்றிட்ட நகல் மூன்று வாங்கினான். ஒன்று வக்கீலிடம், ஒன்று அவனிடம், மூன்றாவது கரூரில், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருந்த அதே பீரோவில்.